மலை ஏற்றுவது காலா? பல்லா?

சென்னையில் கியர் சைக்கிள் மோகம் பிடித்து ஆட்டுகிறது.

விடியற்காலை 5 மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். தலையில் கவசம். முதுகு வில்லாக வளைந்திருக்கும். 'விர்... விர்...' என்று பறக்கிறார்கள்.

பாங்கி குமாஸ்தா இருக்கிறார். மளிகைக் கடைக்காரர் இருக்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் இருக்கிறார். தொப்பை கரைய வேண்டும் என்று வந்தவர்களும் உண்டு. டாக்டர் சொல்லி வந்தவர்களும் உண்டு.

சமதரையில் சிங்கம்தான். ஆனால் இவர்களில் பலர் முதல் முறையாக ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போனால் என்ன ஆகிறது?

மூன்றாவது வளைவில் மூச்சு வாங்குகிறது. ஐந்தாவது வளைவில் முழங்கால் கெஞ்சுகிறது. ஏழாவது வளைவில் ஆசாமி இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறார்.

"நமக்குக் காலில் தெம்பு இல்லைப்பா!" என்று வீடு திரும்புகிறார். ஆசை ஆசையாக வாங்கிய சைக்கிள் பால்கனிக்குப் போகிறது. அதன் மேல் துண்டு காய்கிறது.

கோளாறு காலில் இல்லை. பல்லில் இருக்கிறது!

எந்தப் பல்?

வாயில் இருக்கும் பல் அல்ல. சைக்கிள் செயின் மாட்டும் பல்.

பெடல் பக்கத்தில் ஒரு பல் வட்டு. அது செயின் வீல். பின் சக்கரத்தில் ஒரு சிறிய பல் வட்டு. அது பிரீவீல். இரண்டையும் இணைப்பது செயின்.

நம் அப்பா ஓட்டிய கறுப்பு சைக்கிளில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. அவ்வளவுதான். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய அத்தனை பேருக்கும் அது தெரியும். மேடு வந்தால் எழுந்து நின்று மிதிப்போம். முடியாவிட்டால் இறங்குவோம்.

'ரோடு பைக்' எனப்படும் இந்த வளைந்த ஹாண்டில்பார் சைக்கிளில் பெரும்பாலும் முன்னே 2 வட்டு. பின்னே 8 முதல் 12 வட்டு வரை ஓர் அடுக்கு. கடைக்காரர் அதைக் 'கேசட்' என்பார்.

முன்னே பெரிசு, பின்னே சிறிசு என்றால் வேகம். முன்னே சிறிசு, பின்னே பெரிசு என்றால் மேடு ஏற எளிது.

இந்த ஒரு வரி புரிந்தால் போதும். பாதி மலை ஏறியாச்சு!

அரிசி மூட்டைக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

அம்பத்தூர்க்காரர் ஒருவர் புது ரோடு பைக் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எடை 70 கிலோ. சைக்கிள் 10 கிலோ. மொத்தம் 80 கிலோ.

அவர் ஏறுகிற மலைச்சாலை 100 அடி போனால் 6 அடி உயர்கிறது.

பழைய சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5½ மீட்டர் ஓடும். அந்த மேட்டில் அது ஓர் அடிக்கு மேல் உயரம்.

அதாவது, ஒவ்வொரு சுற்றுக்கும் 80 கிலோ அரிசி மூட்டையை ஓர் அடி தூக்குகிறார்!

பந்தயக்காரர்களுக்கு என்று வரும் சில வண்டிகளில் முன்னே சின்ன வட்டு 39 பல், பின்னே பெரிய வட்டு 25 பல். ஒரு சுற்றுக்கு 3.3 மீட்டர். மூட்டை ஏறுவது ஏறக்குறைய 8 அங்குலம்.

முன்னே 34 பல், பின்னே 28 பல் என்றால் 6 அங்குலம்.

முன்னே 34, பின்னேயும் 34 என்றால் வெறும் 5 அங்குலம்!

மாடிப்படி ஒன்றின் உயரமே 6, 7 அங்குலம் இருக்கும். ஒரு சுற்று என்பது இரண்டு காலும் ஒவ்வொரு தடவை மிதிப்பது. அப்படியானால் வேலை எவ்வளவு லேசாகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

39-25ஐ விட்டு 34-34க்கு வந்தால், ஒவ்வொரு மிதியிலும் காலுக்கு விழும் பாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது.

காலும் அதே கால். மலையும் அதே மலை.

தவணை முறை

"அப்படியானால் மலை ஏறும் வேலை குறைந்துவிடுமா?" என்று கேட்பீர்கள்.

குறையாது. 80 கிலோவை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எப்போதும் ஒன்றுதான்.

கியர் செய்வது தவணை. பீரோ வாங்கினாலும், பிரிட்ஜ் வாங்கினாலும் விலை ஒன்று. ஒரே தடவையில் கட்டினால் கை கடிக்கும். மாதா மாதம் கட்டினால் தெரியாது.

10 கிலோமீட்டர் மலைச்சாலை. 39-25ல் சுமார் 3,050 சுற்று மிதிக்க வேண்டும். 34-34ல் சுமார் 4,760 சுற்று.

தவணைகள் அதிகம். ஒவ்வொரு தவணையும் சிறிசு. முழங்காலுக்குக் கடன் தொல்லை இல்லை!

இன்னொரு விஷயமும் உண்டு. பெடல் சுற்றும் வேகம்.

சமதரையில் பழகியவர்கள் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிக்கிறார்கள். மேட்டில் 60, 70 இருந்தால் நல்லது. 50க்குக் கீழே போனால், ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்குகிறது.

நம்ம அம்பத்தூர்க்காரர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறார். 39-25 என்றால் நிமிடத்துக்கு 40 சுற்றுத்தான். திக்கித் திணறும். 34-34 என்றால் 63 சுற்று. பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏறலாம்.

கடையில் கேட்க வேண்டியது

சைக்கிள் கடையில் என்ன நடக்கும்?

"சார், ரேஸ் மாடல் சார்! முன்னாடி 53 பல்லு. அள்ளிக்கிட்டுப் போவும்!" என்பார் கடைப் பையன்.

நீங்கள் மயங்கக் கூடாது. "தம்பி, அது கெடக்கட்டும். முன்னாடி சின்னது எத்தனை பல்லு? பின்னாடி பெரிசு எத்தனை பல்லு?" என்று கேளுங்கள்.

முன்னே 50-34, பின்னே 11 முதல் 32 அல்லது 34 வரை என்றால், மலை ஆசை உள்ள சாதாரண மனிதருக்கு அது போதும். பின்னே 25, 28 தான் என்றால், "மாத்திக் கொடுக்க முடியுமா?" என்று வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். புது வண்டி வாங்க வேண்டியதில்லை. பின்பல் அடுக்கை மட்டும் மாற்றலாம்.

ஆனால் எச்சரிக்கை! செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கருவி ஒன்று பின்னால் தொங்குகிறதே, அதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு மேல் பெரிய பல்லை அது ஏற்காது. செயின் நீளமும் போதாமல் போகலாம்.

நீளம் போதாத செயினை முன்னே பெரிசு, பின்னே பெரிசில் போட்டால் கருவியே பிய்ந்துகொண்டு வரும். ஆகவே, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டுமே கொடுங்கள்.

கேலி பேசியவர்

"சின்னப் பல் போட்டு ஏறினால் நாலு பேர் சிரிப்பார்களே!"

இந்த வெட்கம் இன்று நேற்று வந்ததல்ல. நூறு ஆண்டுக்கும் பழையது.

உலகப் புகழ் பெற்ற பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 'டூர் டி பிரான்ஸ்' 1903-ல் தொடங்கியது. அதை நடத்தியவர் ஹென்றி தெகிராஞ்ச். பல் மாற்றும் கியர் என்றாலே அவருக்கு ஆகாது. அதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று எழுதிக் கேலி செய்தவர் அவர்.

1910-ல் பந்தயத்தை பிரனீஸ் மலைக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே தூர்மலே என்ற கணவாய். உயரம் 2,115 மீட்டர். ஊட்டியை விடக் குறைவு. உதகை உயரத்தை ஒட்டியது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுக் கியர் கிடையாது. வீரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அக்டேவ் லாபீஸ் என்ற வீரர் பந்தய அதிகாரிகளைப் பார்த்து, "கொலைகாரர்கள்!" என்று கத்தினார். அந்த ஆண்டுப் பந்தயத்தில் வென்றவரும் அவரேதான்!

அந்தக் காலத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. பின் சக்கரத்தின் இரு புறமும் ஒவ்வொரு பல் வட்டு இருக்கும். மலை அடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, மறுபடி மாட்டி ஏறுவார்கள். உச்சிக்குப் போனதும் மறுபடி இறங்கித் திருப்ப வேண்டும்!

1937-ல்தான் அந்தப் பந்தயத்தில் செயின் தள்ளும் கியர் அனுமதிக்கப்பட்டது.

இன்று? செங்குத்து மலை என்றால் உலக வீரர்களே பின்னே 30, 32, 34 பல் பூட்டுகிறார்கள். இரும்புக் கால்காரர்களுக்கே வெட்கம் இல்லை. ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காரும் நமக்கு என்ன வெட்கம்?

உடம்பு பழகட்டும்

பல் சரியாகிவிட்டது. உடனே மலைக்குக் கிளம்பலாமா?

கூடாது. புது வண்டிக்கு முதலில் உடம்பு பழக வேண்டும்.

பழைய சைக்கிளில் நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தோம். இதில் குனிய வேண்டும். முதல் வாரம் கழுத்து வலிக்கும். உள்ளங்கை மரத்துப் போகும். பயப்பட வேண்டாம். 10, 15 கிலோமீட்டர் என்று சின்னதாகத் தொடங்குங்கள். முழங்கையை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்குங்கள். கைவைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

சீட் உயரம் முக்கியம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு.

"சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டலியே!" என்று சீட்டை இறக்கிவிடாதீர்கள். இந்த வண்டியில் நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கித்தான் கால் ஊன்ற வேண்டும். சீட்டைத் தாழ்த்தி ஓட்டினால் முழங்கால்தான் பலி.

டயர் ஒல்லி. 25 அல்லது 28 மில்லிமீட்டர்தான். காற்றின் அளவு டயர் ஓரத்திலேயே எழுதியிருக்கும். பல வண்டிகளில் காற்று அடிக்கும் மூக்கு மெல்லியது. தெருமுனை பஞ்சர் கடைக் குழாய் அதில் பொருந்தாது. அதற்கென்று ஒரு சின்னப் பித்தளை மூக்கு விற்கிறது. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ரோட்டில் சாக்கடை இரும்புக் கம்பி மூடி இருந்தால் ஒதுங்கிப் போங்கள். கம்பிக்கு நடுவே சக்கரம் இறங்கினால் ஆள் குட்டிக்கரணம்தான். ரெயில்வே கேட் தண்டவாளத்தை நேர்க் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போகக் கூடாது.

ஷூவைப் பெடலோடு பூட்டுகிற வகையும் உண்டு. புதியவர்கள் சிக்னலில் கால் எடுக்க மறந்து, நின்ற இடத்திலேயே சாய்கிறார்கள். முதலில் சாதாரண பெடலே போதும்.

மிதித்துக்கொண்டே மாற்று

கியர் மாற்ற ஒரு பக்குவம் வேண்டும். நம் ஊர் வண்டிகளில் பொதுவாக இடது கை முன் வட்டுக்கு; வலது கை பின் வட்டுக்கு.

மிதித்துக்கொண்டேதான் மாற்ற வேண்டும். ஆனால் அமுக்கி மிதிக்கும்போது மாற்றக் கூடாது. மாற்றும் அந்த ஒரு நொடி காலைத் தளர்த்துங்கள். 'சட்டக்' என்று விழும்.

மேடு கண்ணில் பட்டதுமே மாற்றிவிடுங்கள். பாதி மேட்டில் திணறும்போது மாற்றினால் 'கடமுடா' என்று செயின் கழன்றுகொள்ளும்.

முன்னே பெரிசு, பின்னே பெரிசு வேண்டாம். முன்னே சிறிசு, பின்னே சிறிசும் வேண்டாம். செயின் கோணலாக இழுபட்டுத் தேயும்.

கடைசிப் பல்லுக்கு அவசரமாக ஓடாதீர்கள். ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள். குடும்பத்துக்கு அவசரப் பணம் வைப்பது போல!

கடற்காற்றும் ஒரு மேடுதான்

"சென்னையில் மலைக்கு எங்கே போவது?"

நல்ல கேள்வி. ஊரே தட்டையான ஊர். அதனால்தான் மலையில் நம் ஆட்கள் திணறுகிறார்கள்.

ஆனால் வழி இருக்கிறது. கடற்கரைச் சாலையில் வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பும். எதிர்க்காற்றில் ஓட்டுவதும் மேட்டில் ஏறுவது போலத்தான். வேகத்தைப் பார்க்காமல், சின்னப் பல்லில் ஒரே சீராகச் சுற்றிப் பழகலாம்.

மேம்பாலங்களின் ஏற்றத்தில், வண்டி நெரிசல் இல்லாத அதிகாலையில் கியர் மாற்றிப் பழகலாம். பாலத்தின் இணைப்பு இடுக்குகளில் மட்டும் கவனம் வேண்டும்.

பரங்கிமலை இருக்கிறது. சுமார் 300 அடி உயரம். ஏறுவதற்குக் கொஞ்ச நேரம்தான். ஆனால் எந்தப் பல்லில் கால் லேசாகிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் ஏலகிரி. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுமார் 3,500 அடி உயரம். 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். வள்ளல்கள் பெயர் இருக்கிறதே என்று மலை யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை!

அடுத்தது ஏற்காடு. சேலத்திலிருந்து ஏறினால் 20 வளைவு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70! படிப்படியாகத்தான் போக வேண்டும். முதல் மலையே கொல்லிமலை என்று கிளம்பினால் பெயருக்கு ஏற்றபடி கொன்றுவிடும்.

ஏற்றத்தில் நோவு, இறக்கத்தில் சாவு

மலை ஏறியவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஏறிய மலையை இறங்க வேண்டும்!

ஏறும்போது தவறு செய்தால் கால் வலிக்கும். இறங்கும்போது தவறு செய்தால் உயிர் போகும்.

எந்தப் பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். உடம்பைப் பின்னால் தள்ளி, இரண்டையும் சேர்த்து, பதமாகப் பிடிக்க வேண்டும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போய்ப் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இறக்கம் முழுக்கப் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் கொதிக்கும். ட்யூப் வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடியுங்கள். நடுவில் நிறுத்தி, டீ குடித்து, ரிம்மை ஆறவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் இன்னொரு சோதனை. வண்டி எப்போதாவது வலது பக்கமாக விழுந்திருந்தால், செயின் தள்ளும் கருவி உள்பக்கம் வளைந்திருக்கலாம். சமதரையில் அது தெரியாது. மலையில் கடைசிப் பெரிய பல்லுக்கு மாற்றும்போது கருவி ஸ்போக்ஸ் கம்பிக்குள் புகுந்துவிடும். சக்கரம் நொறுங்கும். பத்து நிமிட வேலை. மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

மலை ரெயிலைப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஒரு ரெயில் போகிறது. எல்லோருக்கும் தெரியும்.

1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. 1908-ல் உதகை வரை போனது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வரிசை வரும். 12 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்து. என்ஜினின் பல் சக்கரம் ஒவ்வொரு பல்லாகப் பிடித்து ஏறும். மொத்தம் 46 கிலோமீட்டர்தான். மேலே போய்ச் சேர ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது.

யாராவது அந்த ரெயிலைப் பார்த்துச் சிரிக்கிறார்களா? "வேகமே இல்லியே!" என்று கேலி பேசுகிறார்களா? டிக்கெட் கிடைக்காமல் அல்லவா அலைகிறார்கள்!

பல்லைப் பிடித்து மெதுவாக ஏறினால் என்ஜினுக்கும் கௌரவம். நமக்கும் கௌரவம்.

பால்கனியில் துண்டு காயும் சைக்கிளை இறக்குங்கள். பின்னால் எத்தனை பல் என்று எண்ணுங்கள். அப்புறம் மலையைப் பாருங்கள்.

மலை அங்கேயேதான் இருக்கும். முழங்கால் போனால் வராது!